சாவிக்கொத்தும் ஆப்ஆர்மரும்

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும், எங்க அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் போன் பண்ணார். "சார், கீழ மோட்டார் ஓடல சார். பார்க்கிங்ல தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு."

நான் இறங்கிப் போறதுக்குள்ள அவரே கையால சுவிட்சைப் போட்டு மோட்டாரை ஓட விட்டிருந்தார். ரெண்டு ஸ்கூட்டர் நனைஞ்சது, ஒருத்தர் கீழே வெச்சிருந்த அட்டைப் பெட்டிகள் ஊறிப்போச்சு. பெரிய சேதம்னு சொல்ல முடியாது. ஆனா அந்த மோட்டார் தானா ஓடியிருக்கணும். தானா ஓட வைக்கிறேன்னு அசோசியேஷன் மீட்டிங்கில் கை தூக்கினது நான். அதை ஓடவிடாமல் தடுத்ததும் நான்தான். மே மாசம், ரொம்பப் பெருமையோட, நான் போட்டு வெச்ச ஒரு செக்யூரிட்டி பாலிசி தடுத்திருக்கு.

இந்தப் பதிவு அந்த பாலிசியைப் பத்தி.

முதல்ல அமைப்பைச் சொல்லிடறேன். நான் இருக்கிறது அனகாபுத்தூர். அடையாறு பக்கத்திலேயே ஓடுது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் மழைன்னாலே எல்லாரும் முதல்ல பார்க்கிங்கைத்தான் எட்டிப் பார்ப்பாங்க. எங்க பார்க்கிங் தரைமட்டத்துக்குக் கீழே. அங்கே சேர்ற தண்ணியை வெளியே தள்ள ஒரு மோட்டார், தண்ணி மட்டம் ஏறினா சொல்ல ஒரு மிதவை சுவிட்ச். வாட்ச்மேன் ரூமில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு, அதில் நாகியோஸ் ஓட்டறேன். நாகியோஸ் நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற ஒரு பழைய, நம்பகமான மென்பொருள். கேமரா ரெக்கார்டர் உயிரோட இருக்கா, இன்டர்நெட் லைன் இருக்கா, ஸ்விட்சில் எந்த போர்ட் செத்துப்போச்சு, மிதவை மேலே போயிருக்கா, இதையெல்லாம் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டே இருக்கும். மிதவை மேலே போனா ஒரு ஸ்கிரிப்டைக் கூப்பிடும். அந்த ஸ்கிரிப்ட் யுஎஸ்பியில் மாட்டின ரிலே போர்டுக்கு ஒரு எழுத்தை அனுப்பும். மோட்டார் ஓடும்.

அதே வாட்ச்மேன் ரூமில், அந்த டெஸ்க்டாப்புக்கு மேலேயே, ஆணியில் ஒரு சாவிக்கொத்து தொங்குது. மொட்டைமாடி, லிஃப்ட் மெஷின் ரூம், ஈபி பேனல், ஜெனரேட்டர் எல்லாத்தோட சாவியும் அதில்தான். காவல் காக்கிறவர் எல்லா இடத்துக்கும் போகணும், அதனால எல்லாச் சாவியும் அவர்கிட்ட. யோசிச்சா, கீழே இருக்கிற பெட்டியும் அதே நிலைமையில்தான் இருக்கு. ரெக்கார்டரோட பாஸ்வேர்டு, ஸ்விட்சுகளோட எஸ்என்எம்பி ரகசியச் சொல், ரவுட்டருக்குள் போக எஸ்எஸ்எச் சாவி, மோட்டார் ரிலே. வீட்டில் யார் எந்த அறையில் இருக்காங்கன்னு பார்க்க வெச்ச ஆள்கிட்ட பீரோ சாவியையும் கொடுத்த மாதிரி.

கண்காணிப்பு மென்பொருளில் ஆபத்து ரெண்டு பக்கமிருந்தும் வருது. ஒண்ணு இந்தச் சாவிக்கொத்து. இன்னொண்ணு, அது யார் என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்டாகணும். 2004 மார்ச்சில் விட்டி என்ற வோர்ம் வந்தது. ஐஎஸ்எஸ் என்ற நிறுவனத்தோட பாதுகாப்பு மென்பொருள்களில் ஒரு ஓட்டை இருக்குன்னு அறிவிச்ச ஓரிரு நாளில் கிளம்பி, சுமார் 12,000 கணினிகளைப் பிடிச்சது. பிளாக்ஐஸ், ரியல்செக்யூர் மாதிரி, நெட்வொர்க்கில் வர்ற தாக்குதலைக் கவனிக்கிறதுக்குன்னே இருக்கிற மென்பொருள்கள் அவை. அந்தக் கணினியில் எந்த போர்ட்டும் திறந்திருக்க வேண்டியதில்லை. 4000-ன்னு மூல போர்ட் போட்ட ஒரு யுடிபி பாக்கெட் கண்ணில் பட்டாலே போதும். அதை ஐசிக்யூ அரட்டைன்னு நினைச்சுப் பிரிச்சுப் படிக்கப் போய் மாட்டிக்கும். காவல் இல்லாத வீடு தப்பிச்சது, காவல்காரன் இருந்த வீடு போச்சு.

சாவிக்கொத்துப் பக்கத்துக்கு 2020 டிசம்பரில் வெளியே வந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தைச் சொல்லலாம். ஓரியன் என்பதும் நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள்தான். அதோட அப்டேட்டுக்குள்ளேயே பின்கதவு வெச்சு அனுப்பினாங்க, சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அது போய்ச் சேர்ந்தது. நான் கீழே சொல்லப்போற விஷயம் இருந்திருந்தா அதைத் தடுத்திருக்கும்னு சொல்ல வரலை. தாக்கறவங்க ஏன் கண்காணிப்பு மென்பொருளைத் தேடிப் போறாங்க என்பதுக்குத்தான் அந்த உதாரணம்.

சரி, சாவிக்கொத்தை எப்படிக் குறைக்கிறது?

லினக்ஸில் சாதாரண அனுமதி முறை நமக்குத் தெரிஞ்சதுதான். ஃபைலுக்கு ஒரு உரிமையாளர், ஒரு குரூப், யார் படிக்கலாம் யார் எழுதலாம்னு குறி. இதில் முடிவு எடுக்கிறவர் உரிமையாளர். அவர் நினைச்சா உலகத்துக்கே திறந்து விடலாம். ரூட் என்ற பெரிய ஆள் வந்தா யாரும் கேள்வி கேட்க முடியாது. இது விருப்ப அணுகல் கட்டுப்பாடு. இதுக்கு மேலே இன்னொரு அடுக்கு வைக்கலாம். உரிமையாளர் என்ன நினைக்கிறார் என்பது அங்கே செல்லாது, சிஸ்டத்துக்குன்னு எழுதி வெச்ச ஒரு பாலிசி மட்டும்தான் பேசும், ரூட்டாக ஓடுற புரோகிராமும் அதுக்குக் கட்டுப்படணும். இதுதான் கட்டாய அணுகல் கட்டுப்பாடு. மேண்டேட்டரி ஆக்சஸ் கண்ட்ரோல், சுருக்கமா மேக். (நெட்வொர்க் கார்டில் இருக்கிற மேக் அட்ரஸ் வேற. இந்தக் குழப்பத்தில் நானே ஒரு தடவை அரை மணி நேரம் தப்பான பக்கத்தைப் படிச்சிருக்கேன்.)

கருத்து பழசு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983-ல் வெளியிட்ட ஆரஞ்சு புத்தகத்திலேயே இது இருக்கு. லினக்ஸுக்கான எஸ்இலினக்ஸை என்எஸ்ஏ வெளியிட்டது 2000 டிசம்பரில். அதை அப்படியே கெர்னலில் சேர்த்துக்கச் சொன்னதுக்கு லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கலை. ஒரே ஒரு முறைன்னு இல்லாம யார் வேணும்னாலும் தங்களோட முறையைச் செருகிக்கிற மாதிரி பொதுவான கொக்கிகள் வேணும்னார். அப்படிப் பிறந்ததுதான் லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்ஸ். வழக்கமான அனுமதி முதல்ல சரின்னு சொல்லணும், அதுக்கப்புறம் இந்தக் கொக்கியில் மாட்டின பாலிசியும் சரின்னு சொல்லணும். ரெண்டில் ஒண்ணு தலையாட்ட மறுத்தாலும் கதவு திறக்காது.

அந்தக் கொக்கியில் மாட்டுற இன்னொரு முறை ஆப்ஆர்மர். கிரிஸ்பின் கோவனோட இம்யூனிக்ஸ் நிறுவனம் செஞ்சது. 2005-ல் நாவெல் அதை வாங்கி சூசே லினக்ஸோட சேர்த்துக் கொடுத்தது. இங்கே நம்ம ஊர்க் கதை ஒண்ணு குறுக்கே வருது. 2006, 2007 வாக்கில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர், தமிழக அரசுக் கணினிகளை ஓப்பன் சோர்ஸுக்கு மாத்தற வேலையை எடுத்தார். அவர் தேர்ந்தெடுத்தது சூசே. அந்தக் காலத்து சூசே எண்டர்பிரைஸ் 10-ல் ஆப்ஆர்மர் கூடவே வந்தது. அதாவது லினக்ஸ் கெர்னலே ஆப்ஆர்மரைச் சேர்த்துக்கிட்ட 2010 அக்டோபருக்கு, 2.6.36 பதிப்புக்கு, முன்னாடியே அது நம்ம அரசு அலுவலகம் வரைக்கும் வர்ற வழி திறந்திருந்தது. 2007-ல் நாவெல் அந்தக் குழுவையே கலைச்சது, அப்புறம் உபுண்டுக்காரங்க எடுத்து வளர்த்தாங்க. 2019-ல் டெபியன் 10 அதை இயல்பாகவே இயக்கி வெளியிட்டது. சென்னை சி-டாக் உருவாக்குற பாஸ் லினக்ஸும் டெபியன் அடித்தளம்தான். எஸ்இலினக்ஸ் பக்கம் பார்த்தா, ஆண்ட்ராய்டு 5.0-லிருந்து உங்க பாக்கெட்டில் இருக்கிற போன் முழுசா அதோட காவலில்தான் ஓடுது. நம்ம யாரும் அதைக் கவனிச்சதில்லை.

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் சொன்னா, எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஃபைலுக்கும் ஒரு சீட்டு ஒட்டி, எந்தச் சீட்டு எந்தச் சீட்டைத் தொடலாம்னு பார்க்கும். ஆப்ஆர்மர் ஃபைலோட பாதையைப் பார்க்கும். "இந்த புரோகிராம் இந்த டைரக்டரியைப் படிக்கலாம், இதில் எழுதலாம், இதை ஓட்டலாம்" என்று ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாதது கிடையாது. நான் ஆப்ஆர்மரை எடுத்ததுக்குத் தத்துவக் காரணம் ஒண்ணுமில்லை, உபுண்டுவில் ஏற்கனவே இருந்தது.

இந்தப் பட்டியலை எழுத ஒரு சுலப வழி இருக்கு. அதில்தான் நான் விழுந்தேன். பாலிசியைப் "புகார்" நிலையில் வைக்கலாம். அந்த நிலையில் பட்டியலில் இல்லாததைச் செஞ்சாலும் ஆப்ஆர்மர் தடுக்காது, லாகில் ஒரு வரி எழுதும், அவ்வளவுதான். ஒரு வாரம் ஓட விட்டு, அப்புறம் ஏஏ-லாக்ப்ராஃப் என்ற கருவியைக் கூப்பிட்டா, லாகை வாசிச்சு ஒவ்வொண்ணாக் கேட்கும். "இந்த ஃபைலைப் படிச்சது, அனுமதிக்கவா?" ஏ தட்டினா அனுமதி. "இந்த புரோகிராமை ஓட்டினது, என்ன செய்ய?" ஐ தட்டினா இன்ஹெரிட், அதாவது புதுசா ஓடுறதும் இதே பட்டியலுக்குள்ளேயே இருக்கட்டும். எஸ்இலினக்ஸ்காரங்களுக்கு இதே வேலையைச் செய்ய ஆடிட்-டூ-அலவ் இருக்கு.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடிச்ச கையோட உட்கார்ந்து, ஏ, ஏ, ஐ, ஏ, ஐ, ஏன்னு ஒரு அறுபது எழுபது கேள்விக்குப் பதில் சொன்னேன். கடைசிப் பத்தை நான் படிக்கவே இல்லை. சேமிச்சு, அமலாக்க நிலைக்கு மாத்தி, ரெண்டு நாள் லாகில் ஒரு மறுப்பு வரியும் இல்லைன்னு பார்த்து, குரூப்பில் "சிஸ்டம் செக்யூர் பண்ணியாச்சு" என்று கட்டைவிரல் படத்தோட போட்டேன்.

மே மாசம் சென்னையில் அவ்வளவா மழை பெய்யாது. அந்த ஒரு வாரத்தில் மிதவை மேலே போகவே இல்லை. மோட்டார் ஸ்கிரிப்ட் ஒரு தடவைகூட ஓடலை. ஆகவே அது பட்டியலில் இல்லை.

அந்த ராத்திரி லாகைத் திறந்தா எல்லாம் எழுதியிருக்கு. மிதவை ஏறினது நாகியோஸுக்குத் தெரிஞ்சிருக்கு. ஸ்கிரிப்டைக் கூப்பிட்டிருக்கு. ஆப்ஆர்மர் மறுத்திருக்கு. நாகியோஸ் சலிக்காம மறுபடி கூப்பிட்டிருக்கு, மறுபடி மறுப்பு. எனக்கு மெயில்கூட வந்திருந்தது, பத்தரைக்கு. மெயில் அனுப்புற வழி மே மாசம் பழகின வழி, அதனால அது மட்டும் ஒழுங்காப் போயிருக்கு. நான் தூங்கிட்டேன். முதல்ல நான் ஃபைல் பெர்மிஷனைத்தான் சந்தேகப்பட்டேன், அது எல்லாம் சரியாவே இருந்தது. நாகியோஸ் யூசர் ஸ்கிரிப்டை ஓட்டலாம், சீரியல் போர்ட்டுக்கான டயல்அவுட் குரூப்பிலும் இருக்கு. முதல் பூட்டு திறந்து, ரெண்டாவது பூட்டில் நின்னிருக்கு.

மறுநாள் காலையில் எங்க ட்ரெஷரர் கேட்டார், "ஏன் தம்பி, அந்த செக்யூரிட்டி ஐட்டத்தை எடுத்துட்டாத்தான் என்ன?" நியாயமான கேள்விதான். நம்ம ஊரில் எந்த மென்பொருளோட இன்ஸ்டாலேஷன் டாக்குமெண்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் எஸ்இலினக்ஸை அணைச்சு வைன்னு ஒரு வரி இருக்கும். இருபது வருஷமா நானும் அப்படி அணைச்சுட்டு வேலை பார்த்தவன்தான். இந்தத் தடவையும் அணைச்சிருப்பேன். அணைக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியலை ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பார்க்கலாம்னு தோணிச்சு. மே மாசம் செஞ்சிருக்க வேண்டியது.

நடுவில் ஒரு வரி. "ஐடி" என்ற கமாண்டை ஓட்ட அனுமதி. ஐடி ஒண்ணும் ஆபத்தானது இல்லை, நான் எந்த யூசராக ஓடறேன்னு திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். ஆனா நாகியோஸுக்கு அது எதுக்கு? நான் எழுதின எந்த ஸ்கிரிப்டிலும் அது இல்லை. பழைய லாகை நோண்டினேன். விருந்தினர் வைஃபையில் யார் யார் இருக்காங்கன்னு தினமும் ஒரு பட்டியல் மெயில் போகும். ரவுட்டர்கிட்டேயிருந்து சாதனங்களோட பேரை வாங்கி, ஒரு ஷெல் கமாண்டுக்குள்ள செருகி அனுப்புறது என் ஸ்கிரிப்ட். மே மாசம் யாரோ தன் போனுக்குப் பேராக டாலர் குறி, அடைப்புக்குறி, அதுக்குள்ள ஐடின்னு வெச்சிருக்காங்க. ஷெல் அதைப் பேராகப் பார்க்காது. உள்ளே இருக்கிற கமாண்டை ஓட்டி, விடையை அந்த இடத்தில் போடும். அன்னைக்கு வந்த மெயிலைத் தேடி எடுத்தேன். சாதனப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாகியோஸோட யூசர் எண் அழகா உட்கார்ந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நாகியோஸில் இதுக்கெல்லாம் ஒரு தடுப்பு இருக்கு. வெளியேயிருந்து வர்ற விவரத்தில் இருக்கிற டாலர், பின்மேற்கோள் மாதிரிக் குறிகளை நீக்கிட்டுத்தான் கமாண்டில் போடும், எந்தெந்தக் குறின்னு அமைப்பு ஃபைலிலேயே சொல்லலாம். ஆனா நான் பேர் பட்டியலை நாகியோஸ் வழியா எடுக்கலை, என் சொந்த ஸ்கிரிப்டில் குறுக்கு வழியில் எடுத்தேன்.

விசாரிச்சதில், மூணாவது மாடிக்கு லீவுக்கு வந்த ஒரு காலேஜ் பையன். "சும்மா டிவியில என்ன காட்டுதுன்னு பார்க்க வெச்சேன் அங்கிள்" என்றான். அவன் மேல எனக்குக் கோபமே வரலை. அவன் அடைப்புக்குறிக்குள்ள வேற எதை வெச்சிருந்தாலும் ஓடியிருக்கும். அதை அனுமதிக்கவான்னு ஆப்ஆர்மர் என்கிட்டதான் கேட்டிருக்கு, நான் ஐ தட்டியிருக்கேன்.

ஆக, பழக்கிப் பிடிச்ச பட்டியலில் ரெண்டு தப்பும் ஒரே நேரத்தில் இருந்தது. வேண்டியது இல்லை, வேண்டாதது இருக்கு. அந்தக் கருவிக்குத் தெரிஞ்சது மே மாசத்தில் அந்த ஏழு நாள் என்ன நடந்தது என்பது மட்டும். நாகியோஸோட வேலை என்னன்னு அதுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான்.

ஒழுங்கா எழுதின பாலிசி எப்படி இருக்கும்னு பார்க்க, உபுண்டுவோட வர்ற டிசிபிடம்ப் ப்ரொஃபைலைத் திறந்து படிச்சேன். அதுவும் நெட்வொர்க்கை வேடிக்கை பார்க்கிற மென்பொருள்தான், 2017-ல் ஒரே வெளியீட்டில் தொண்ணூறு பக்கம் ஓட்டைகளை அடைச்ச வரலாறு உண்டு. அந்த ப்ரொஃபைல் என்ன சொல்லுது? பிடிச்ச பாக்கெட்டுகளை பிகேப் என்று முடியுற ஃபைலில் எழுதலாம். ஹோம் டைரக்டரியில் புள்ளியில் ஆரம்பிக்கிற எதையும் தொடக்கூடாது. எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கிற இடம் அதுதான். வேற பேரில் சேமிக்கப் போனா ரூட்டாக இருந்தாலும் "அனுமதி இல்லை" என்று வந்து, நிறைய பேர் தலையைப் பிச்சிக்கிட்டிருக்காங்க. ஆனா படிச்சாலே தெரியும், இதை எழுதினவர் லாகைப் பார்த்து எழுதலை. டிசிபிடம்ப் எதுக்கு இருக்குன்னு யோசிச்சு எழுதியிருக்கார்.

எஸ்இலினக்ஸோட நாகியோஸ் பாலிசியும் இதே மாதிரி. நாகியோஸுக்கு ஒரே சீட்டு இல்லை. வட்டைப் பார்க்கிற ப்ளகின்களுக்கு ஒண்ணு, மெயிலைப் பார்க்கிறதுக்கு ஒண்ணு, சேவைகளைப் பார்க்கிறதுக்கு ஒண்ணு, நிகழ்வுக்குப் பதிலா ஓடுற ஸ்கிரிப்டுகளுக்குத் தனியா ஒண்ணு. சாவிக்கொத்தைப் பிரிச்சு ஆளுக்கு ஒரு சாவி. இதில் "கட்டில்லாத ப்ளகின்" என்று ஒரு சீட்டும் உண்டு என்பதையும் சொல்லணும். எஸ்எஸ்எச் வழியா வேற கணினியில் போய்ப் பார்க்கிற ப்ளகின் மாதிரியானதை எந்தப் பட்டியலிலும் அடக்க முடியாம வெளியே விட்டிருக்காங்க. நேர்மையான பேர்.

அதைப் பார்த்துத்தான் என்னோடதைத் திருப்பி எழுதினேன், இந்தத் தடவை காகிதத்தில் ஆரம்பிச்சு. தாய் ப்ராசஸ் தன் அமைப்பு ஃபைலைப் படிக்கலாம், தன் நிலையை எழுதலாம், ப்ளகின்களைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். சீரியல் போர்ட்டைத் தொடக்கூடாது. ஒவ்வொரு ப்ளகின் வகைக்கும் தனிக் குழந்தைப் பட்டியல். ரெக்கார்டரைப் பார்க்கிறது ரெக்கார்டர் பாஸ்வேர்டு ஃபைலை மட்டும் படிக்கும். மோட்டார் ஸ்கிரிப்டுக்கு ரிலே இருக்கிற அந்த ஒரு சாதனம் மட்டும், நெட்வொர்க்கே கிடையாது. பேர் பட்டியல் ஸ்கிரிப்டை ஷெல் இல்லாம பைதானில் திருப்பி எழுதினேன், அதோட பட்டியலில் எந்த ஷெல்லுக்கும் இடமில்லை. எழுதி முடிச்சப்போ மே மாசத்துப் பட்டியலில் பாதிகூட இல்லை.

அடங்காத சிலதும் இருக்கு. நான் போட்டிருக்கிற பதிப்பில் ஆப்ஆர்மர் நெட்வொர்க்கை ரொம்ப மேலோட்டமாத்தான் பார்க்குது. டிசிபி பேசலாமா, யுடிபி பேசலாமான்னு சொல்லலாம், எந்த முகவரிக்கு என்பதைச் சொல்ல முடியலை. அதுக்கு என்எஃப்டேபிள்ஸில் நாகியோஸ் யூசர் அனுப்புற பாக்கெட்டுகள் எங்கள் உள் நெட்வொர்க்குக்கும் மெயில் சர்வருக்கும் மட்டும் போகலாம்னு தனியா விதி போட்டேன். ஸ்விட்சுகளோட எஸ்என்எம்பி ரகசியச் சொல்லை ஒருத்தன் கைப்பற்றிட்டா பாலிசியால் ஒண்ணும் செய்ய முடியாது. அது படிக்க மட்டும் உதவற சொல்லா இருக்கணும், இதுவரைக்கும் எழுதவும் உதவற சொல்லா இருந்தது. ரவுட்டருக்கான எஸ்எஸ்எச் சாவியை எடுத்தே போட்டுட்டேன். எதுக்கு வெச்சேன்னு எனக்கே ஞாபகம் வரலை.

மிச்சம் இருந்தது சோதனை. மழைக்குக் காத்திருக்க முடியாது. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன், "அண்ணே, மாசம் ஒரு தடவை அந்த மிதவையைக் கையால தூக்கிப் பிடிக்க முடியுமா?" அவர் மாசத்தின் முதல் ஞாயித்துக்கிழமை காலையில் குச்சியால் தூக்கிப் பிடிக்கிறார். முதல் தடவை மோட்டார் ஓட ஆரம்பிச்சது, ஆனா நிக்கலை. நிறுத்துற ஸ்கிரிப்ட் தனி ஃபைல், அதை நான் பட்டியலில் எழுத மறந்திருந்தேன்.